அன்பின் செலவு யார் கையிலிருந்து போகிறது?

நம் குடும்பங்களில் "அவரை நாமே வைத்துப் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்பவர் ஒருவர், மலம் துடைத்து, துணி அலசி, ராத்திரி கண் விழிப்பவர் வேறொருவர். சொல்வது பெரும்பாலும் ஆண், செய்வது அவர் மனைவி, இல்லாவிட்டால் மருமகள். ஊரில் நல்ல பெயர் சொன்னவருக்கு. சபையில் எழுந்து சாட்சி சொல்வதும் அவரே. யாரையும் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரை வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறவர்கள் முதலில் பேசித் தீர்க்க வேண்டியது இதைத்தான் என்று எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டோம், அதனால் எழுதுகிறேன். அன்பு என்றால் விலை கொடுப்பது என்று பிரசங்கம் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அந்த விலை யார் கையிலிருந்து போகிறது என்பதைப் பற்றி மட்டும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

எனக்குச் சேலத்தில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. வியாபாரி வெள்ளியை எடை போட்டுத் தருவார், நாங்கள் கொலுசாக்கி எடை சரிபார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கூலி நமக்கு. வேலை நடந்தால்தான் காசு.

பெரியப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக இருந்தவர். பெரியப்பா என்றதும் தோளில் தூக்கி வளர்த்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா இறந்த பிறகு பொதுவில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு எங்களுக்கு ஒரு பைசா தராதவர். பங்கு கேட்பதற்காக அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனார். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, வயிற்றைப் புரட்டிக்கொண்டு போய் நின்றவரிடம் அவர் வாசலிலேயே நின்று பேசி அனுப்பிவிட்டார், உள்ளே வா என்று சொல்லவில்லை. கீழே இறங்கும்போது அம்மா முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டுக் கொடுத்தபடி வந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். அடிவாரத்தில் பஸ் நின்றபோதுதான் முகம் முழுக்க ஈரமாக இருந்தது தெரிந்தது.

அந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்தது. பெரியம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். நாகலூர் பக்கம் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தவரை அக்கம்பக்கத்தார் 108-இல் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பிவிட்டு எனக்கு போன் செய்தார்கள். இடது கையும் காலும் போய்விட்டன. பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது. பிள்ளைகள் இருவரும் தூரத்தில் இருக்கிறார்கள். ஏதாவது ஹோமில் சேர்த்துவிடுங்கள், பணம் அனுப்புகிறோம் என்றார்கள். கொஞ்ச காலம் அனுப்பினார்கள், பிறகு நின்றுவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் சொன்ன பதிலைப் போல ஒரு தெளிவான பேச்சை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. "கூட்டிட்டு வாங்க, நான் வேணாம்னு சொல்லலைங்க. ஆனா அவரு உங்க பெரியப்பா. சமைக்கிறதை நான் பாத்துக்கறேன். கழுவுற கை உங்க கையா இருக்கணும். அதுக்குச் சம்மதம்னா இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

மறுபடி யோசித்துப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னேன். படுக்கையில் கிடக்கும் ஒருவரை எடுத்துப் பார்க்கப் போகும் ஆண்களுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் விஷயம் இந்தப் பேச்சுவார்த்தை. அவரைக் கொண்டுவருவதற்கு முன்பே நடக்க வேண்டும். யார் துடைப்பது, ராத்திரி யார் எழுவது, எந்தப் பணத்திலிருந்து செலவு, எந்த அறை யாருக்கு இல்லாமல் போகிறது, எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேச வேண்டும். எங்கள் மகள் படிக்கும் அறைதான் பெரியப்பாவுக்குப் போனது. அவளிடமும் கேட்டோம். மூன்று நாள் கழித்துச் சரி என்றாள், அந்த மூன்று நாளும் நாங்கள் காத்திருந்தோம். பிள்ளைகளிடம் இதையெல்லாம் கேட்பார்களா என்று என் தங்கை ஆச்சரியப்பட்டாள். அறை அவளுடையது, கொடுக்க வேண்டியவளும் அவள்தானே.

பைபிளில் லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் வரும், வழியில் அடிபட்டுக் கிடந்தவனை எடுத்துக் காப்பாற்றிய நல்ல சமாரியன் கதையை அந்த நாட்களில் கணக்குப் பார்க்கிறவன் கண்ணோடு வாசித்தேன். காயத்தில் வார்த்த எண்ணெயும் திராட்சரசமும் அவனுடையது. ஏற்றியது "தன் சுயவாகனத்தின்மேல்", அப்படியானால் அவன் இறங்கி நடந்துதான் போயிருக்க வேண்டும். சத்திரத்தானுக்குக் கொடுத்த இரண்டு பணமும் அவனுடையது. மத்தேயு 20-இல் திராட்சத்தோட்ட வேலையாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் கூலி என்று வருகிறது, ஆக இது இரண்டு நாள் கூலி. அதற்கு மேலே செலவானாலும் திரும்பி வரும்போது தருகிறேன் என்று தன்னையே கடனாளியாக்கிக்கொள்கிறான். "பாவம், அடிபட்டுக் கிடக்கிறான், உனக்குப் புண்ணியமாகப் போகும், நீ சும்மா பார்த்துக்கொள்" என்று சத்திரத்தானிடம் அவன் சொல்லவில்லை. அடுத்தவன் உழைப்பை வாங்கித் தன் இரக்கத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

2 சாமுவேல் 24-இல் தாவீது ராஜாவும் இதையேதான் செய்கிறான். பலிபீடம் கட்ட அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் சும்மாவே தருகிறேன் என்கிறான். ராஜா கேட்கிறார், கொடுத்துவிட்டுப் போகலாம். தாவீது மறுக்கிறான், இலவசமாய் வாங்கிக் கர்த்தருக்குப் பலி செலுத்தமாட்டேன் என்று ஐம்பது வெள்ளிச் சேக்கல் கொடுத்து வாங்குகிறான். ஒரு சேக்கல் ஏறக்குறைய பதினோரு கிராம், ஐம்பதென்றால் அரைக் கிலோவுக்கு மேல் வெள்ளி. அந்த எடையைத் தினமும் கையில் பிடிக்கிறவன் என்பதால் எனக்கு இந்த வசனம் வெறும் எழுத்தாகத் தெரிவதில்லை.

சிலுவையிலும் இதைத்தான் பார்க்கிறேன். யோவான் 10-இல் ஆண்டவர் தம் ஜீவனைப் பற்றி, "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான்; நானே அதைக் கொடுக்கிறேன்" என்கிறார். பிடுங்கினால் அது பலியாகாது. 1941-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் ஒரு கைதி காணாமல் போனதற்காகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லப் பிரித்து நிறுத்தினார்கள். அதில் பிரான்சிஷெக் கயோவ்னிசெக் என்பவர் மனைவி பிள்ளைகளை நினைத்துக் கதறினார். மாக்சிமிலியன் கோல்பே என்ற போலந்துக் குருவானவர் வரிசையை விட்டு முன்னே வந்து, இவருக்குப் பதில் நான் போகிறேன் என்றார். ஆகஸ்ட் 14-ஆம் தேதி அவரைக் கொன்றார்கள். தப்பிய மனிதர் 1995 வரைக்கும் இருந்தார். கோல்பேயை யாரும் பிடித்துத் தள்ளவில்லை, அவரும் பக்கத்தில் நின்ற வேறொருவரை "நீ போயேன்" என்று தள்ளவில்லை. நம் வீடுகளில் மருமகளிடம் "சிலுவையைச் சுமந்துகொள்ளம்மா" என்று சொல்கிறோமே, அப்போது நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

சரி, கழுவுகிற கை பற்றிச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா கூடவே நிறுத்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவர் பேர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் அவர் சொன்னதை வைத்துத்தான் எல்லா நாளையும் ஓட்டினோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியும்தான். முழுக்கக் குப்புறவோ ஒருக்களித்தோ வேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தால் போதும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை. இடுப்பு, பிட்டம், குதிகால், தோள்பட்டை எல்லாவற்றையும் தினமும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள், விரலை எடுத்த பிறகும் சிவப்பு அப்படியே நின்றால் படுக்கைப்புண் ஆரம்பம். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, அதன்மேல் படுக்க வைக்கவும் கூடாது. நகர்த்தும்போது இழுக்காமல் தூக்க வேண்டும், அதற்கு இடுப்புக்குக் கீழே ஒரு போர்வையை மடித்துப் போட்டு இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்தால் முதுகும் தப்பும். செயலிழந்த கையைப் பிடித்து ஒருநாளும் தூக்காதீர்கள், தோள் மூட்டு விலகிவிடும். அந்தப் பக்கத்தில் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுப்பதற்கு முன் உங்கள் கையில் வைத்துப் பாருங்கள், உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுவது அவருக்குத் தெரியாது.

சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, நன்றாக இருக்கும் பக்கமாகச் சின்னக் கரண்டியில் கொடுக்க வேண்டும். முடித்ததும் உடனே படுக்க வைக்கக் கூடாது, அரைமணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். கன்னத்துக்குள் சோறு ஒதுங்கி நிற்கிறதா என்று பார்த்து வாயைத் துடைக்க வேண்டும். பெரியப்பாவுக்குப் பாதிச் சோறு அங்கேதான் இருக்கும்.

அவருடைய இடது கை எப்போதும் முஷ்டியாக மூடியே இருந்தது. நகம் வளர்ந்து உள்ளங்கையில் குத்த ஆரம்பித்தது, உள்ளே வியர்த்துப் புளித்த வாடை. வெதுவெதுப்பான தண்ணீரில் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, கட்டை விரலை முதலில் மெல்ல விலக்கி, பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் இன்னும் இறுகும். கொலுசில் கண்ணி கோத்துப் பழகிய விரல் என்பதால் எனக்குப் பொறுமை இருந்தது. நகம் வெட்டி, உள்ளங்கையைத் துடைத்து உலர்த்தி, சுருட்டிய சின்னத் துண்டைக் கைக்குள் வைத்துவிடுவேன். அது எங்கள் நிலத்தை விற்றுக் கையெழுத்துப் போட்ட கை என்று ஒவ்வொரு முறையும் நினைவு வரும். இல்லை, கையெழுத்துப் போட்டது வலது கையாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் மனசு அப்படியெல்லாம் பிரித்துப் பார்ப்பதில்லை.

அந்த நினைவு வரும்போது துடைக்கிற துணி தானாகவே கொஞ்சம் அழுத்தமாகப் படும். வாய் எதுவும் சொல்லாது, கை சொல்லிவிடும், படுத்திருப்பவருக்குத் தெரிந்தும்விடும். எனக்குள்ளதெல்லாம் கொடுத்தாலும், உடம்பையே சுட்டெரிக்கக் கொடுத்தாலும், அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்று 1 கொரிந்தியர் 13 சொல்வது இந்த இடத்தைத்தான் என்று நினைக்கிறேன். கோபம் கையில் இறங்குகிறது என்று தெரிந்தால் துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு வெளியே போய் இரண்டு நிமிஷம் நிற்பேன், அப்புறம் வருவேன். ஈரத்தோடு இரண்டு நிமிஷம் கிடப்பதால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது.

அதிகாலை இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும்போது "ஆண்டவரே, என்னால் முடியவில்லை" என்று சொல்லாத நாள் குறைவு. கெத்செமனேயில் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று ஜெபித்தவரைத்தான் நாம் கும்பிடுகிறோம். செய்ய மனமில்லை என்று ஒத்துக்கொண்டே எழுந்து செய்யலாம். மனமெல்லாம் கனிந்த பிறகுதான் செய்வேன் என்று காத்திருந்தால் அதற்குள் புண் வந்துவிடும்.

பணம். பட்டறையில் நான் உட்காரும் நேரம் பாதியாகக் குறைந்ததால் வாங்கும் வெள்ளியைக் குறைத்தேன், கூலியும் குறைந்தது. டயப்பர், மருந்து, மோட்டாரில் காற்று நிரம்பும் ஏர் பெட் என்று செலவு தனி. இங்கே எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. என்னிடம் கூலிக்கு வேலை செய்பவர்களின் சம்பளத்தில் கை வைக்கவில்லை. பெரியப்பாவைப் பார்ப்பது என் முடிவு, அதன் சுமை அவர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணத்தில் போய் விடியக் கூடாது. மாற்கு 7-இல் அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், காணிக்கை என்று சொல்லிக் கைகழுவியவர்களை ஆண்டவர் கடுமையாகப் பேசுகிறார். தேவனுக்குக் கொடுக்கிறேன் என்ற பேரில் அடுத்தவர் பங்கைத் தூக்கிக் கொடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. நான் விட்டுக்கொடுத்தது புது மெருகு மெஷின், அப்புறம் வண்டி மாற்றும் யோசனை. ஒரு நோட்டில் எல்லாச் செலவையும் தேதி போட்டு எழுதினோம். உறவுக்காரர்களோடு பணம் சம்பந்தப்பட்ட எதிலும் நோட்டு இருப்பது நல்லது.

இலவசமாகக் கிடைக்கும் உதவியைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதிந்தால் வருவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பெண்தான் பெரியப்பாவைக் கட்டிலோரத்தில் உட்காரப் பழக்கினார்.

எல்லாவற்றையும் நானே செய்வேன் என்பது அன்பென்று நான் நினைக்கவில்லை. சமாரியனும் மறுநாள் புறப்பட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான். சத்திரம் என்று ஒன்று இருந்தது, சத்திரத்தான் என்று ஒருவன் இருந்தான், அதை அவன் கூலி கொடுத்துப் பயன்படுத்திக்கொண்டான். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது சம்பளத்துக்கு ஓர் அண்ணனை ராத்திரிக்கு வைத்தோம். சபையிலிருந்து உதவிக்கு வருகிறோம் என்றவர்களிடம் "எப்ப வேணாலும் வாங்க" என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. "செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நாலிலிருந்து ஆறு, நீங்கள் வந்தால் நான் பட்டறைக்குப் போய்வருவேன்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னதில் இரண்டு பேர் நிலையாக வந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், மலை ரூட்டில் ஓட்டியவர். பெரியப்பாவோடு எஸ்டேட் கதை பேசுவார். மழைக்காலத்தில் எந்த வளைவில் மண் சரியும், சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகுக்கொடி எந்த வருஷம் எப்படிக் காய்த்தது என்று இருவரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். அந்த இரண்டு மணி நேரம் பெரியப்பா நோயாளியாகவே இருக்கமாட்டார்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தடுத்தேன். ஜெபிக்க வந்த ஒருவர், "பழைய பாவத்தை அறிக்கையிட்டால் கர்த்தர் எழுப்புவார், தம்பி குடும்பத்துக்குச் செய்ததை நினைச்சுப் பாருங்க" என்று அவரிடம் ஆரம்பித்தார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எழுந்து வெளியே போக முடியாத ஒருவரிடம், அதுவும் நான் கழுவிவிடும் ஒருவரிடம், என் சார்பில் அந்தக் கடனைக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐயா, ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுப் போங்கள் என்றேன். செய்கிற உதவிக்கு மனம் திரும்புதலைக் கூலியாகக் கேட்டால் அது வியாபாரம். நாம் பாவிகளாயிருக்கையில்தான் கிறிஸ்து மரித்தார் என்று ரோமர் 5 சொல்கிறது, திருந்திய பிறகு மரித்ததாகச் சொல்லவில்லை.

பெரியப்பா மன்னிப்புக் கேட்டாரா என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள். இல்லை. நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பியில் சர்க்கரை இல்லை, ரசத்தில் உப்பு இல்லை, டேய் விளக்கை அணைடா, இதுதான் பேச்சு. நன்றி சொல்வார் என்ற எதிர்பார்ப்பு எனக்கு ரொம்ப நாள் உள்ளே இருந்தது, அது இருந்த வரைக்கும் ஒவ்வொரு ராத்திரியும் கணக்கு முடியாமலே படுத்தேன். எந்த நாளில் அது போனது என்று தெரியவில்லை. என் மனைவிக்கு மட்டும், அவள் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, "நல்லாருக்கும்மா" என்று சில நேரம் சொல்வார். எனக்கு அதில் பொறாமைகூட வந்ததுண்டு.

அவர் இறந்து அடக்கம் முடிந்ததும் பிள்ளைகள் வந்தார்கள். பாஸ்புக், எஸ்டேட் காகிதங்கள், செலவு நோட்டு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தோம். நோட்டை அவர்கள் திறந்து பார்க்கவில்லை. பணத்துக்காகத்தான் வைத்திருந்தேன், கிடைக்காமல் போனதும் முகம் தொங்கிவிட்டது என்று சொந்தத்தில் சிலர் பேசியது காதுக்கு வந்தது. வலித்தது. நல்ல பெயரும் செலவில்தான் சேர்கிறது என்பதை முதலிலேயே எதிர்பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், நான் அதை எதிர்பார்க்கவில்லை. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவனுக்குப் படுக்கைப்புண் வரலையில்ல?" என்று மட்டும் கேட்டார். வரவில்லை என்றேன்.

ஏர் பெட், கமோட் நாற்காலி, வாக்கர் மூன்றையும் டெட்டால் போட்டுத் துடைத்து வைத்திருந்தோம். இப்போது அவை கோரிமேட்டில் ஒரு வீட்டில் இருக்கின்றன. ஏர் பெட் வாங்குகிறவர்கள் மோட்டாரைத் தரையில் வைக்காமல் கட்டில் காலில் மாட்டுங்கள், கரண்ட் போனால் காற்று இறங்கும், அந்த நேரத்துக்கும் புரட்டிவிட மறக்கக் கூடாது. கேட்டு வந்த அந்த வீட்டு மனிதரிடம், யார் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறார்கள் என்றார். யார் என்று மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, நானும் என் பையனும் என்றார். பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். பட்டறை முடிந்ததும் சாயந்திரங்களில் போய்ச் சொல்லிக் கொடுக்கிறேன். தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறான், அவன் அப்பாவுக்குத்தான் இன்னும் நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.